காயாத வெள்ளை

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாப்பா தன் அம்மாவின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் பச்சை ஒட்டிக்கொண்டது. அப்பாவின் முழங்கையைத் தொட்டாள். பழுப்பு. இருவருக்கும் நடுவே அகலமாக விரிந்து கிடந்த வெள்ளைப் பெட்ஷீட்டைத் தொடவே பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். வெண்ணெய்க் கட்டியில் வைத்த மாதிரி விரல் நகக்கண் வரை உள்ளே போனது.

"அம்மா! படம் இன்னும் காயலை!"

சமையலறையிலிருந்து நிஜ அம்மா எட்டிப் பார்த்தாள். "அதுக்கு நான் என்னடி பண்ண? நின்னு காட்டச் சொன்னே, மூணு வாரம் நின்னேன். காயறதும் நானேதான் காயணுமா?"

நாலடி அகலம், மூன்றடி உயரமுள்ள எண்ணெய் வண்ணப் படம் அது. துவைத்து உலர்ந்த பெட்ஷீட்டை அம்மா ஒரு முனையிலும் அப்பா மறு முனையிலும் பிடித்துக்கொண்டு மடிக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருடா வருடம் நடக்கும் ஓவியக் கண்காட்சிக்கு, எண்ணெய் வண்ணப் பிரிவில் அதைக் கொடுக்க வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுகிறார்களே தவிர, பாப்பாவுக்கு அடுத்த மாதம் முப்பது முடிகிறது. அதற்கப்புறம் இளம் ஓவியர் என்று சொல்லிக்கொண்டு அந்த வாசற்படியை மிதிக்க முடியாது.

ஐந்து வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை. மூன்றாவது வருடம் அவள் படத்தைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டினார்கள். கண்காட்சியிலேயே அதிகம் பேர் பார்த்த படம் அதுதான் என்பது வேறு விஷயம்.

இந்த முறையும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஒன்றாம் தேதியிலிருந்து தாய்மாமாவின் டைல்ஸ் கடையில் வரவேற்பு மேசைக்கு வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். மாமா நல்லவர். "அங்கேயும் கலர்தானே பாப்பா, நானூறு டிசைன் வச்சிருக்கேன்" என்று ஆசையாகத்தான் கூப்பிட்டார். ஆசை முற்றிப்போய், அவள் போட்டோ போட்ட பேட்ஜைக்கூட அடித்து அனுப்பிவிட்டார். அம்மா அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பாப்பாவைப் பார்த்துப் பாப்பாவே சிரித்துக்கொண்டிருந்தாள். 

கண்காட்சி விதிகளில் ஏழாவது விதி, தொட்டால் ஒட்டும் படங்கள் ஏற்கப்படமாட்டா என்பது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர், மற்றவர்களின் பேச்சு நீண்டுகொண்டே போன அலுப்பில் ஒரு படத்தின் மேல் சாய்ந்துவிட்டார். வெள்ளைக் கோட்டின் முதுகில் ஒரு குதிரையோடு வீடு போய்ச் சேர்ந்தார். வரைந்தவனுக்கு மிஞ்சியது வால் மட்டும்தான்.

எண்ணெய் வண்ணம் சாதாரணமாகவே அவசரப்படாத ஜாதி. ஆனாலும் இவ்வளவு சோம்பேறித்தனம் அதன் சொந்தக் குணம் இல்லை. இளம் ஓவியர்கள் எல்லாரும் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் அதில் யாரோ ஒரு புண்ணியவான், வண்ணத்தில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டால் நாள் கணக்கில் காயாமல் பதமாக இருக்கும், நிதானமாக வரையலாம் என்று எழுதினார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பாப்பாவும் தூக்கினாள். அம்மா பல்வலிக்கு வாங்கி வைத்திருந்த பாட்டிலை எடுத்து வந்து, ஒரு சொட்டே இவ்வளவு நல்லதென்றால் எட்டுச் சொட்டு எவ்வளவு நல்லதாக இருக்கும் என்று எட்டும் விட்டாள். தட்டில் காயாத வண்ணம் படத்தில் மட்டும் எப்படிக் காயும் என்ற கேள்வி, வெள்ளை முழுவதையும் பூசி முடித்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. மூன்று வாரமாக வீடே பல் டாக்டர் கிளினிக் மாதிரி மணத்துக்கொண்டிருந்தது.

"ஃபேனைப் போடேன்" என்றாள் அம்மா.

"காத்துல மட்டும் காயாதும்மா, அது தண்ணி இல்லை."

"ஈரம்னா ஈரம்தான். தண்ணியாவது எண்ணெயாவது."

வேறு வழி தெரியாததால் பாப்பா டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து படத்துக்கு நேரே வைத்து மூன்றில் திருப்பினாள். பக்கத்திலேயே அம்மாவின் தையல் மிஷின் இருந்தது. அம்மா வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். மூன்று மாதத்து நூல் துணுக்கும் பஞ்சும் மிஷினுக்கு அடியில் யாருக்கும் தொந்தரவில்லாமல் குடியிருந்தன. ஃபேன் அவற்றை எழுப்பிவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், பெட்ஷீட்டுக்கு முடி முளைத்திருந்தது. நீல நூல், சிவப்பு நூல், பஞ்சு, போதாததற்கு ஒரு கொசு.

"ஐயோ!" என்று பாப்பா தலையில் கை வைத்தாள். தலைமுடியில் வெள்ளை ஒட்டியது.

"எதுக்குடி கத்தறே? பெட்ஷீட்டுன்னா கொஞ்சம் பஞ்சு இருக்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா.

துணுக்குகளைப் பிடுங்க இடுக்கி வேண்டும். இடுக்கி அக்காவிடம் இருந்தது. அக்கா நாலு தெரு தள்ளி ஒரு அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். போன் போட்டதும் மதிய இடைவேளையில் இடுக்கியோடு வந்தாள். கேட்காமலே ஹேர் டிரையரையும் கொண்டுவந்திருந்தாள்.

"ஃபேனெல்லாம் இந்தக் காலத்துல யாருடி வைப்பா? சூடு வேணும். இடுப்பு வரைக்கும் இருக்கிற முடியே எங்கிட்ட பத்து நிமிஷத்துல காஞ்சிடும்."

"இது முடி இல்லைக்கா."

"இப்ப முடியாத்தான் இருக்கு" என்று அக்கா படத்தைக் காட்டினாள்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து இருவரும் துணுக்குகளைப் பிடுங்கினார்கள். அக்காவுக்குக் கை நல்ல பழக்கம். கொசுவைக்கூடச் சிறகு சிதையாமல் எடுத்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகு பாப்பாவுக்கு அக்காமேல் ஒரு நம்பிக்கை வந்தது. வந்திருக்கக் கூடாது.

"எவ்ளோ சூட்டுல வைக்கணும்?"

"அதெல்லாம் எங்கிட்ட விடு. நீ தள்ளி நில்லு."

அக்கா டிரையரை இயக்கி, வாடிக்கையாளருக்குச் செய்வது போலவே அம்மாவின் தலையில் ஆரம்பித்தாள். பழக்க தோஷத்தில் இடது கையால் படத்தின் பின்பக்கத்தை லேசாகத் தட்டிக் கொடுத்தாள். முதல் ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகவே போனது. ஆறாவது நிமிடம் வெள்ளைக்கு மேல் ஒரு தோல் கட்டியது. பாப்பா சந்தோஷப்பட்டாள். ஏழாவது நிமிடம் அந்தத் தோல் பாலாடை மாதிரி சுருங்கத் தொடங்கியது.

"போதும்க்கா!"

"செட் ஆகுதுடி. இன்னும் ரெண்டே நிமிஷம்."

"மூக்கு இறங்குதுக்கா!"

டிரையர் நின்றது. அதற்குள் படத்திலிருந்த அம்மாவின் மூக்கு உதடு வரை வந்து நின்றுவிட்டது. நிஜ அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். தன் மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கம்மா மூக்கு அப்படியே எனக்குன்னு ஊரே சொல்லும். அதைப் போய்..." என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"கஸ்டமருக்கு இப்படியெல்லாம் ஆனதே இல்லை" என்று சொல்லிவிட்டு அக்கா வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

மூக்கைத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. சாயங்காலம் முழுக்க அதற்கே சரியாகப் போனது. மூக்கு நன்றாகவே வந்தது, முன்னதைவிடக் கொஞ்சம் எடுப்பாகக்கூட. ஆனால் தட்டில் இருந்ததெல்லாம் எட்டுச் சொட்டு வண்ணம்தான். ஆக, காலையில் பழைய ஈரத்தோடு இருந்த படம் இரவில் புது ஈரத்தோடு நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. செயற்கையாக எதுவும் வேண்டாம், இயற்கையிடமே ஒப்படைத்துவிடலாம் என்று பாப்பா முடிவு செய்தாள். அம்மா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்து மொட்டை மாடிக்குப் படத்தை ஏற்றினார்கள். தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்தார்கள். பஞ்சு இல்லை, நூல் இல்லை. கொசு வந்தால் விரட்ட, மடித்த செய்தித்தாளோடு பாப்பாவே பக்கத்தில் குந்தியிருந்தாள்.

மேல்வீட்டு ஆன்ட்டி பத்து மணிக்கு வாளியோடு வந்தாள். கொடியில் இரண்டு துண்டு, நாலு சட்டை, கடைசியாக ஒரு வெள்ளைப் பெட்ஷீட். பிழிந்து உதறிப் போட்டுவிட்டு, படத்தைப் பார்த்து, "அச்சு அசலா உங்க அம்மா மாதிரியே இருக்கே. மூக்குதான் கொஞ்சம் பெருசு" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

பதினொரு மணிக்குக் காற்று கிளம்பியது. கொடியில் இருந்த பெட்ஷீட் ஒருமுறை உப்பியது, இருமுறை உப்பியது, மூன்றாம் முறை கிளிப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் பறந்து வந்தது. மாடியில் எவ்வளவோ இடம் இருந்தது. அது நேராக வந்து, வரைந்த பெட்ஷீட்டின் மேலேயே படிந்து, முனைக்கு முனை ஒட்டிக்கொண்டது. பாப்பா கையில் கொசுவுக்கு வைத்திருந்த செய்தித்தாளோடு எழுந்து நின்றாள்.

அவள் போட்ட சத்தத்தில் அம்மாவும் ஆன்ட்டியும் ஓடி வந்தார்கள்.

"என் பெட்ஷீட்!" என்றாள் ஆன்ட்டி.

"என் படம்!" என்றாள் பாப்பா.

"இழுக்காதே! அப்படியே விட்டுடேன், அதுவும் பெட்ஷீட்தானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் அம்மா. யோசித்துப் பார்த்தால் அந்த யோசனை அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஆன்ட்டி சம்மதிக்கவில்லை.

"இது செட்டு பாப்பா. இதுக்குத் தலையணை உறை ரெண்டு வீட்ல இருக்கு."

மூன்று பேருமாகச் சேர்ந்து, காயத்துக் கட்டைப் பிரிப்பது போல, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தார்கள். உரித்து முடித்தபோது ஆன்ட்டியின் பெட்ஷீட்டில் அம்மாவும் அப்பாவும் இடம் வலம் மாறி மங்கலாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆன்ட்டி அதைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இது போகுமா?"

"போகாது ஆன்ட்டி."

"அப்ப நானும் எங்க வீட்டுக்காரரும் தினமும் உங்க அப்பா அம்மா மேலேயா படுக்கறது?"

 பாப்பா தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரைந்த வெள்ளை முழுவதிலும் நிஜத் துணியின் நெசவு, இழை இழையாக அச்சு விழுந்திருந்தது. ஓரத்தில் தையல்கூடத் தெரிந்தது. அவள் மூன்று வாரம் பாடுபட்டு ஏற்றிய நிழல் மடிப்புகள் எல்லாம் ஆன்ட்டி வீட்டுக்குப் போய்விட்டன. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது போதாதென்று, ஆன்ட்டிக்கு ஒரு பெட்ஷீட் கடனும் சேர்ந்தது.

ஒரு மணிக்கு அப்பா சாப்பிட வந்தார். அப்பாவுக்கும் பெயிண்ட் தொழில்தான்; கட்டடங்களுக்கு அடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர். சுவர், கதவு, கிரில் எதுவானாலும் சொன்ன தேதிக்கு முடிப்பார். மகள் வரைவதைப் பற்றி அவர் இதுவரை கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை கோட்டு?" என்பதுதான். ஆனால் தன் ஆட்களிடம், "என் பொண்ணும் பெயிண்டர்தான், நம்மளைவிடச் சின்ன பிரஷ்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார் என்பது பாப்பாவுக்குத் தெரியும்.

ஹாலில் சாய்த்து வைத்திருந்த படத்தின் முன் அவர் நின்றார். மகள் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எப்ப குடுக்கணும்?"

"அஞ்சு மணிக்குள்ள."

"வேன்ல லாக்கர் வார்னிஷ் இருக்கு. தேக்குக் கதவுக்கு அடிக்கிறது. இருபது நிமிஷத்துல கல்லு மாதிரி ஆயிடும்."

பாப்பா பதறி எழுந்தாள். "அப்பா, கூடவே கூடாது! மெதுவாக் காயறது மேல வேகமாக் காயறதைப் பூசினா வெடிச்சிடும். முதல் நாள் முதல் பாடமே அதுதான்."

"உங்க வாத்தியார் அஞ்சு மணிக்குள்ள காயறதுக்கு ஏதாவது பாடம் நடத்தினாரா?"

நடத்தவில்லை. பாப்பா கடிகாரத்தைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். அங்கே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"அடிங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா சாப்பிடவில்லை. ஸ்பிரே துப்பாக்கியை எடுத்து வந்து, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, படத்தை மாடிப்படிக்கு அடியில் வைத்து அடித்தார். எத்தனையோ கதவுக்கு அடித்த கை அது.  ஒரு கோட்டு, பத்து நிமிடம் விட்டு இன்னொரு கோட்டு. மூன்று மணிக்கு விரல் முட்டியால் பெட்ஷீட்டைத் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது.

"வந்து தொட்டுப் பாரு பாப்பா."

தொட்டாள். ஒட்டவில்லை. அழுத்தினாள். ஒட்டவில்லை. அம்மாவின் புது மூக்கைத் தொட்டாள். வழவழவென்று தேக்குக் கதவு மாதிரி இருந்தது. அவளுக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளப் போன நேரத்தில் பின்னால் 'சட்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பெட்ஷீட்டின் நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கிளை விட்டது. கிளை கிளையாக ஓடி அப்பாவின் சட்டையில் ஏறியது. அம்மாவின் கன்னத்தில் ஏறி, நெற்றியில் பரவி, கழுத்துக்கு இறங்கியது. ஐந்து நிமிடத்தில் படம் முழுவதும் வறண்ட குளத்துத் தரை மாதிரி ஆகிவிட்டது.

அம்மாதான் முதலில் பேசினாள். "எனக்கு எண்பது வயசா?"

"ராஜா காலத்துப் படம் மாதிரி இருக்கு" என்றார் அப்பா, சமாதானமாக.

"ராஜா காலத்துல ஸ்பிரே அடிச்சாங்களா?" என்று பாப்பா அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "கிளம்புங்கப்பா. டைல்ஸ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை தோத்துட்டு வந்துடறேன்."

ஏணிகளையும் பெயிண்ட் டப்பாக்களையும் ஒதுக்கிவிட்டு வேனில் படத்தை ஏற்றினார்கள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். வழியில் இருந்த ஒன்பது சிக்னலும் சிவப்பாகவே இருந்தன. நாலு ஐம்பதுக்குக் கண்காட்சிக் கட்டடத்தின் முன் இறங்கினார்கள். படியில் இரண்டு மூன்று பேர் படங்களை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கவுன்ட்டரை மூடிவிட்டார்களோ என்று பாப்பாவுக்கு உயிரே போய்விட்டது. இரண்டு இரண்டு படிகளாகத் தாவி ஏறினாள். அப்பா பின்னாலேயே படத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடினார்.

கவுன்ட்டர் திறந்துதான் இருந்தது. உள்ளே இருந்த குமாஸ்தா, கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரிவு?"

"எண்ணெய் வண்ணம்."

"வயசு?"

"இருபத்தொன்பது. அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி வரைக்கும்."

குமாஸ்தா அலுப்போடு எழுந்து வந்தார். வெடிப்பையோ நெசவையோ அம்மாவின் மூக்கையோ அவர் பார்க்கவில்லை. கட்டைவிரலை நீட்டி, பெட்ஷீட்டின் நடுவில் வைத்து அழுத்தினார். எடுத்து விரலைப் பார்த்தார். இன்னொரு இடத்தில் அழுத்தினார். பாப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"சரி, வச்சிட்டுப் போங்க" என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

அடுத்த பத்து நாள் பாப்பா யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஓவியர்கள் குழுவில்கூட விசித்திரமான அமைதி. யார் யார் படம் கொடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவும் இல்லை. எல்லாருக்கும் முடிவு வரும்வரை படபடப்புதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மாமா கடையில் போட்டுக்கொள்ள இரண்டு வெள்ளைச் சட்டைகள் வாங்கி, அம்மாவிடம் கை நீளத்தைக் குறைத்துத் தரச் சொன்னாள்.

பதினோராம் நாள் போன் வந்தது. எண்ணெய் வண்ணப் பிரிவில் முதல் பரிசு.

பாப்பா இரண்டாவது முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது முறை போனை அம்மாவிடம் கொடுத்தாள். பரிசோடு அடுத்த மாதம் அதே கட்டடத்தில் அவள் படங்களை மட்டும் வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தவும் இடம் தருகிறார்களாம். அம்மா போனை வைத்துவிட்டு, நேராகப் போய் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த பேட்ஜைக் கழற்றினாள். அக்கா, "டிரையர் என்னோடது, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். மேல்வீட்டு ஆன்ட்டி தன் பெட்ஷீட்டை இனிமேல் துவைக்கப் போவதில்லை என்று அறிவித்தாள். மாமா, "கடையில அந்த நாற்காலி காலியா இருந்தா இருக்கட்டும், நம்ம வீட்டுப் பேரு பேப்பர்ல வருமில்ல?" என்று சந்தோஷப்பட்டார்.  அப்பா வாசலுக்குப் போய் வேனில் ஏணியைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். திரும்பி வந்து, "அது நல்ல கம்பெனி லாக்கர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரிசளிப்பு விழா. குடும்பமே ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விட்டது. நீர் வண்ணம், பென்சில் ஓவியம் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சுவர். மற்ற சுவர்களில் நெருக்கி நெருக்கி முப்பது நாற்பது படங்களை மாட்டியிருந்தார்கள். எண்ணெய் வண்ணச் சுவரில் பாப்பாவின் படம் மட்டும் நட்டநடுவில், தனி விளக்கு வெளிச்சத்தில் இருந்தது.

"முழுச் சுவரையும் நமக்கே விட்டுட்டாங்க பாரு!" என்று அப்பா அம்மாவின் காதில் சொன்னார். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைத்தார். பின் வரிசை வரை கேட்டது. பின் வரிசையில் இருந்த இளம் ஓவியர்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள். பொறாமையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று பாப்பாவுக்குத் தோன்றியது. ஐந்து வருடம் அவள் அந்த வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்தவள்தான்.

தலைவர் பேசினார். "இந்தப் பிரிவில் நாற்பத்தாறு இளம் ஓவியர்கள் பங்கெடுத்தார்கள். முதல் பரிசைத் தீர்மானிக்க நடுவர்களுக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஏகமனதான முடிவு. இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும் இந்த ஆண்டு எவருக்கும் வழங்கப்படவில்லை என்பதிலிருந்தே இந்த வெற்றியின் உயரத்தை நீங்கள் புரிந்துகொள்ளலாம்."

அம்மா அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பிறகு நடுவர்களின் குறிப்பை வாசித்தார். துணியின் ஒவ்வொரு இழையையும் பொறுமையோடு தீட்டிய தூரிகையைப் பாராட்டினார்கள். நீண்ட இல்லறத்தின் காலச் சுவடுகளை வெடிப்புகளாக வடித்த துணிச்சலைப் பாராட்டினார்கள். வண்ணத்தில் மடிப்புகளின் நிழலைத் தவிர்த்த முதிர்ச்சியைப் பாராட்டினார்கள். அம்மாவின் மூக்குக்கே தனியாக இரண்டு வரி இருந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. பாப்பா மேடையேறிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷம்தான், ஆனால் ஒவ்வொரு பாராட்டும் முள்ளாக உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. இழை ஆன்ட்டி வீட்டுப் பெட்ஷீட்டுடையது, வெடிப்பு அப்பாவின் லாக்கருடையது. இதில் தனக்கென்று என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. இதை யாரிடமாவது சொல்லிவிடாமல் பதக்கத்தோடு வீட்டுக்குப் போக அவளால் முடியாது போல இருந்தது.

விழா முடிந்து கையெழுத்துப் போட அலுவலக அறைக்குப் போனாள். அதே குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பி வைத்து, விரலால் இடத்தைக் காட்டினார். அறையில் வேறு யாரும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். நடுவர்கள் பாராட்டினது எதையுமே நான் செய்யலை. இழை தானா விழுந்தது, வெடிப்பு தானா வந்தது. இந்தப் பரிசுக்கு எனக்குத் தகுதி இருக்கான்னே தெரியலை."

குமாஸ்தா பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

"அந்த இழை, வெடிப்பெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. வந்த நாப்பத்தாறு படத்துல, நான் கை வச்சு என் கையில ஒட்டாதது உங்களோடது ஒண்ணுதான்."